தவளைக்கு நாலு பக்கம்

காலை ஏழு மணி, பதினான்கு குடும்பம், பாக்கியம். சுற்றாடல் அனுமதிக்கு விவரம் திரட்டும் தொழிலில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கீழ்ப்பக்கத்து வரிசைவீடுகளான பணிய லயத்துக்குப் போன முதல் நாள் என் குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆற்றை மறித்து, கால்வாய் வெட்டி, சிறிய மின்நிலையம் கட்ட ஒரு கம்பனி விண்ணப்பித்திருந்தது. ஆற்றில் என்ன மீன், கரையில் என்ன பிராணி, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. ஒரு படிவத்தையாவது நிரப்பியவர்களுக்கு என் பாடு தெரியும்: கட்டம் போடாத விஷயம் உலகத்திலேயே கிடையாது.

சுவரில் ஒட்டிய தாள்

பாக்கியம் கொழுந்து எடுப்பவர். காலையில் பெயர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனார். மலைச்சரிவை ஒட்டிய பின்சுவரில் கூரையிலிருந்து தரை வரை விரிசல். விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கணு வரை போனது. உள்ளே ஈரமாக, சில்லென்று இருந்தது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டேன்.

விரிசலுக்குக் குறுக்கே ஒரு துண்டுப் பத்திரிகைத்தாளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பதினான்கு வீட்டிலும் அப்படித்தான். தாள் கிழிந்தால் மலை நகர்கிறது என்று அர்த்தம்; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். "தாள் புதுசா இருக்கே?" என்று கேட்டேன்.

"பழசு போன மழைக்குக் கிழிஞ்சிருச்சுங்க. அப்பலேருந்து மழ பேஞ்சா நாங்க வானத்தப் பாக்குறதில்ல, சொவத்தத்தான் பாக்குறோம்."

அக்கரையிலிருந்து இக்கரைக்கு

கால்வாயை முதலில் வரைந்திருந்தது அக்கரையில். அங்கே ஈரப் பாறையடியில் கட்டைவிரல் நகமளவு தவளையொன்றை எங்கள் குழுத் தலைவர் கண்டுபிடித்தார். சட்டம் பாதுகாக்கும் இனம். அவருக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்வானேன். தவளைக்கு அறிக்கையில் நாலு பக்கம் ஒதுக்கினோம். இரண்டு வாரத்தில் புதிய வரைபடம் வந்தது. கால்வாய் இக்கரைக்கு மாறி, பணிய லயத்துக்கு நேர் மேலே போனது.

வரைபடத்தைப் பார்த்ததும் அந்தச் சில்லிப்பு மறுபடி விரல் நுனியில் ஏறியது. விரிசலைப் பற்றித் தலைவரிடம் சொன்னேன். மனிதர்களுக்கான பகுதி அரைப் பக்கம்: எத்தனை வீடு, எத்தனை மலசலகூடம், குடிதண்ணீர் எங்கிருந்து. விரிசலுக்குக் கட்டமில்லை. ஓரத்தில் எழுதினேன். அச்சாகி வந்தபோது ஓரம் இல்லை. என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். தலைவர் கெட்டவரில்லை. சிங்களத்தில் நிதானமாகத்தான் சொன்னார்:

"தவளைக்குச் சட்டம் இருக்கிறது. விரிசலுக்கு எந்தச் சட்டம்? காட்டுங்கள், நானே சேர்க்கிறேன்."

ஒரு கோரிக்கை

இதைப் பாக்கியத்திடம் நானே போய்ச் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்காமல் கேட்டார். "எம்புட்டுப் பெருசுங்க அது?" என்றார். நகத்தைக் காட்டினேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப எங்களையும் அந்தப் பொஸ்தகத்துல ஒரு பெராணின்னு எழுதிருங்கய்யா."

பதினான்கு கடிதம்

அறிக்கை வெளியானதும் ஊரார் ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் அவகாசம் இருந்தது. கையெழுத்து வைத்தால் வேலை போய்விடும், லயத்தை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். பாக்கியம் வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்து, இருபத்தெட்டாம் நாள் பதினான்கு கடிதங்களையும் சேர்த்துவிட்டார். பாதியை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

லயத்து வீடுகளுக்குத் தெருவும் இலக்கமும் கிடையாது. தபால் முழுக்கத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அதனால் எல்லோரும் வழக்கம்போலத் தோட்டத்தின் பெயரையும் பணிய லயத்தையும் எழுதினார்கள். நானும் அப்படியே எழுதினேன். எனக்குப் படிவம் நிரப்புவதே தொழில். இருந்தும் வீட்டுக்கு ஓர் இலக்கம் போட வேண்டும் என்று தோன்றவில்லை. பதினான்கும் ஓர் ஆட்சேபமாகப் பதிவாயின. அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனபோது உத்தியோகத்தர் கடிதங்களை விசிறிபோல விரித்துக் காட்டினார்.

"எல்லாம் ஒரே விலாசம். ஒரே வீட்டில் பதினான்கு பேர் எழுதினால் பதினான்கு ஆட்சேபமா?"

கடைசிக் குறிப்பு

அனுமதி கிடைத்தது. அக்கரையில் தவளைக்கு வேலி போட்டார்கள். இக்கரையில் கால்வாய் வெட்டினார்கள். நான் மாதமொரு முறை போய்த் தவளைகளை எண்ணினேன். திரும்பும் வழியில் பாக்கியத்தின் சுவரையும் பார்ப்பேன். தாளின் நடுவில் மெல்லிய மடிப்பு விழத் தொடங்கியிருந்தது. ஒருமுறை அதை நீவிவிடக் கையைக் கொண்டுபோனேன்.

"தொடாதீங்கய்யா," என்றார் பாக்கியம். "அது எங்களுக்குச் சொல்ல வேண்டியத நீங்க அழிச்சிராதீங்க."

அடுத்த வருடம் ஐப்பசி இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்குத் தாள் கிழிந்தது. ஆட்கள் தப்பினார்கள், லயம் தப்பவில்லை, பதினான்கு குடும்பத்துக்கும் இப்போது உண்மையிலேயே ஒரே விலாசம்: தோட்டப் பள்ளிக்கூட மண்டபம்.