எதிர் வண்டியில் அத்தை

எங்கள் வீட்டில், வெளியே கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. போகிற காரியம் விளங்காது என்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். கேட்டே ஆகவேண்டுமென்றால் 'தூரமா?' என்று கேட்கலாம். பலமுறை குட்டு வாங்கித்தான் இதை நான் கற்றுக்கொண்டேன்.

அந்த வருஷம் அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். மாமா இன்னொருத்தியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டார். சண்டை போடத் தெரியாத அத்தை ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள். ஆனி பிறந்ததும் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதென்று அப்பா முடிவு செய்தார்.

"நான் அங்கன போகமாட்டேன் அண்ணே" என்று அத்தை ஒரே ஒரு முறை சொன்னாள். அப்பா மோர் கேட்டார். அம்மா ஊற்றினாள். பேச்சு அதோடு முடிந்தது.

எங்கள் ஊர் ஸ்டேஷன் தென்காசிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே இருந்தது. ஓட்டுக் கொட்டகை, ஒரு வாதாம் மரம், ஒழுகும் குழாய், அவ்வளவுதான். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் காலையில் தென்காசி போகும் வண்டியும், மலை ஏறிக் கொல்லம் போகும் வண்டியும் அங்கேதான் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும். தயிர்க்காரிகளுக்கும் கோர்ட் குமாஸ்தாக்களுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போவேன்.

ஆனி பிறக்க இரண்டு நாள் இருந்தபோது, ஒரு காலை, ஸ்டேஷன் முழுக்கச் சாரல். மலை கண்ணுக்கே தெரியவில்லை. என் ஜன்னலுக்கு நேர் எதிரே, கொல்லம் வண்டியின் ஜன்னலில் அத்தை உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. எனக்கு ஒரே சந்தோஷம்.

"தூரமா அத்தை?" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

"ஆமா. ஏட்டி, எங்க போறேன்னு நீயாவது கேளேன்."

"கேக்கக் கூடாதுல்லா! போற காரியம் கெட்டுப்போவும்."

அத்தை என்னையே பார்த்தாள். "நல்ல பிள்ளை" என்றாள். நனைந்த ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை, வண்டி நகரும்வரை அப்படியே இருந்தது.

சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. கொல்லம் வண்டியில் பார்த்ததை நான் சொன்னேன். அவள் பையோடு கிளம்பியதை அம்மா பார்த்திருக்கிறாள். சித்தப்பா பார்த்திருக்கிறார். சீசன்தானே, அருவியில் குளிக்கப் போகிறாள் என்று நினைத்தார்களாம். யாரும் கேட்கவில்லை. எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினாள் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் விசாரித்தால் தெரிந்திருக்கும். ஊர் சிரிக்கும் என்று அப்பா அங்கேயும் போய்க் கேட்கவில்லை.

அத்தையிடமிருந்து அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அப்பா சாகும்வரை அவள் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் சாரல் அடித்தால் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

அத்தை போன அன்று ராத்திரி அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நான்தான் 'எங்கே' என்று கேட்கவில்லையே, அதனால் அத்தை போன காரியம் நல்லபடியாக முடிந்து, நாளைக் காலை வண்டியில் வந்துவிடுவாள் என்று நிம்மதியாகத் தூங்கிப்போனேன். யாராவது ஒருவர் கேட்டு, செருப்பைக் கழற்ற வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து உள்ளே உட்கார வைக்கமாட்டார்களா என்றுதான் அவள் ஸ்டேஷன்வரை வந்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.