பாய் சொல்லி முடிக்காத பதில்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜபருல்லா பாயின் மகள் அழைத்தாள். "அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா. ஜும்மாவுக்கு அப்புறம் அடக்கம்." எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கையிலிருந்த கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர் பாய். நான் தபால் ஆபீஸ். இருவரும் சேர்ந்து பள்ளிகளில் வானியல் பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பிரபஞ்சம் விரிவதைக் காட்ட மற்றவர்கள் பலூன் ஊதுவார்கள். பாய் ஈரமான ஆட்டுத்தோலைக் கொண்டுவருவார். அதில் கேலக்ஸிகளுக்குப் பதிலாக மையால் புள்ளிகள் வைத்து, நான்கு பிள்ளைகளை மூலைக்கொருவராக இழுக்கச் சொல்வார். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொள்ளும். "தோலு ஒரு அளவுக்கு மேல நீளாது. வானம் அப்படியில்ல, போகப்போக வேகம் கூடுது" என்பார்.

கடைசியாக நத்தத்தில் பேசினோம். ஒரு மாணவி எழுந்து, "அப்ப தூரத்துல இருக்கிற கேலக்ஸியெல்லாம் என்ன சார் ஆகும்?" என்று கேட்டாள். "நமக்குத் தெரியறது பழைய வெளிச்சம்மா. இன்னிக்கு அங்கேருந்து கிளம்புறது..." என்று பாய் தொடங்கினார். நான் மைக்கை வாங்கி நன்றி சொல்லி முடித்துவிட்டேன். பேருந்தில் சண்டை. "சின்னப் பிள்ளைக, பயந்துரும் பாய்" என்றேன். "கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாம வாரோமே, அது நல்லாருக்கா?" என்றவர், ஊர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு அவருக்கு வயிற்றில் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலையில். நம் வீடுகளின் வழக்கப்படி நோயாளியையும் வெளிநாட்டிலிருக்கும் மகனையும் தவிர எல்லோருக்கும் சொன்னார்கள். அல்சர் என்று சொல்லும்படி என்னிடமும் கேட்டுக்கொண்டார்கள். பாய் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. நாளு கம்மின்னா மகன வரச் சொல்லணும்" என்றார்.

"வெறும் அல்சர்தான் பாய்" என்றேன்.

"அப்ப அவன் பெருநாளைக்கே வரட்டும்."

ஒரு மாதம் கழித்துப் போனபோது பாதி ஆளாக இருந்தார். "மறுபடியும் மைக்கைப் பிடுங்கிட்டீங்கண்ணே." அவ்வளவுதான் பேசினார். மூன்றாம் நாள் அந்த அழைப்பு. மகன் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நத்தத்தில் இழுத்த தோல் என்னிடம் இருக்கிறது. காய்ந்து விறைத்துவிட்டது. அவர் முடிக்காத பதிலும் என்னிடம்தான் இருக்கிறது. நத்தத்து மகளே, வெகுதூரத்துக் கேலக்ஸிகளிலிருந்து இன்று கிளம்பும் வெளிச்சம் நம்மிடம் வந்து சேராது. வழியிலுள்ள வானம் அதைவிட வேகமாக விரிவதால், எவ்வளவு காத்திருந்தாலும் சேராது. பாய் அன்றைக்கே உனக்குச் சொல்ல வந்தார். நான்தான் விடவில்லை.