கொண்டையூசிக் குமாரின் வீடு

ஏலக்காய் மூட்டை கட்டும் சணல் கயிற்றை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது ஏலக்காய் வாசனை அல்ல. புகையும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு நெடி, அதற்குப் பிறகுதான், போனால் போகிறது என்பதுபோல, ஏலக்காய் வரும். போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு மூட்டை அறை முழுக்க அந்த நெடிதான். அந்தக் கயிற்றில் ஒன்றை எடுத்து, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, எட்டாம் வகுப்புப் பெரிய பரீட்சை லீவில் நான் வீட்டை மூலைக்கு மூலை அளந்தேன். அளந்தது எங்களுக்காக அல்ல, கொண்டையூசிக் குமாருக்காக.

குமார் என்று ஒருவன் கிடையாது. நானும் பெரியப்பா மகன் செல்வம் அண்ணனும் கோடு போடாத நோட்டில் வரைந்த படக்கதையின் நாயகன் அவன். போடிமெட்டுப் பாதையில் ஜீப்பு ஓட்டுகிறவன், கொண்டையூசி வளைவுகளில் ஏலக்காய்த் திருடர்களை மடக்குகிறவன். எழுபதுகளின் கடைசி அது. பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் ஒரே உலை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனுக்கு முகம் நன்றாக வரும். நான் மூக்கு வரைந்தால் அது கத்திரிக்காய் ஆகிவிடும், ஆனால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பிசகாது. "ஆளு என் சோலி, வீடு உன் சோலி கலா" என்று அவனே பிரித்துக் கொடுத்துவிட்டான்.

முதல் கதையிலேயே மானம் போனது. மூன்றாம் பக்கத்தில் வாசலுக்கு இடப்பக்கம் இருந்த அடுப்பங்கரை ஏழாம் பக்கத்தில் வலப்பக்கம் போயிருந்ததை அண்ணனின் வகுப்புப் பையன்கள் கண்டுபிடித்து, "ஏன்டா, உங்காளு வீட்டுல அடுப்பு நடந்து போகுமா?" என்று கேட்டுக் கேட்டு அவனை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். திருடன் நுழைந்தால் குமார் எந்தக் கதவு வழியாக ஓடுவான், படுத்த இடத்திலிருந்து ஜீப்பு தெரியுமா என்பதையெல்லாம் ஒரு தடவை முடிவுசெய்துவிட்டால் பிறகு மாற்றக்கூடாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். ஆகவே மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டையே வரைந்தேன்: நடுக்கூடம், மச்சுக்கு ஏறும் படி, மூட்டை அறை, கொல்லைக் கிணறு, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கு ஒரு வளைகோடு. கூடத்தின் நடுவில், வாசலும் கொல்லையும் ஒருங்கே தெரிகிற இடத்தில், ஒரு கட்டிலைப் போட்டு அதன்மேல் குமாரின் தொப்பியை வைத்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "இனி இவனுக்குச் சாகுற வரைக்கும் வீட்டுக் கவல இல்ல" என்றான். அதைவிடப் பெரிய பாராட்டை நான் அதுவரை வாங்கியதில்லை.

அந்த லீவு முடிவதற்குள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்றுபோனது. மலையில் இருந்த ஏலக்காட்டில் ஓடையோரச் சரிவு யாருக்கு, காய்ந்த மேட்டுச் சரிவு யாருக்கு என்று ஆரம்பித்தது, வீட்டையும் பிரித்துவிடலாம் என்று வந்து நின்றது. இருவருக்கும் தாய்மாமனான சிலமலைத் தாத்தா பொதுவாகப் பேச வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மூன்று நாள் இழுத்த பிறகு அவரும் அலுத்துப்போய், "இது வாயால ஆகுற காரியமில்ல, வெரசா ஆள விட்டு அளந்து தாளுல எழுதிக் கொண்டாங்கப்பா" என்றார்.

"எங்கிட்ட இருக்கு தாத்தா" என்றேன்.

என்னை யாரும் கேட்கவில்லை. என் படத்தை அதுவரை எந்தப் பெரியவரும் கேட்டதில்லை என்பதால் வந்த பெருமை அது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஓடிப்போய் எடுத்துவந்து விரித்தேன். தாத்தா இரண்டு அறைகளைக் கயிறு போட்டுச் சரிபார்த்துவிட்டு, "கழுத, அச்சு அசலா போட்டிருக்கே" என்றார். பிறகு அவர் விரல் கட்டிலில் வந்து நின்றது.

"இது யாரு கட்டிலு ஆத்தா?"

"குமாரு கட்டிலு."

"எந்தக் குமாரு? பங்குக்கு இன்னொருத்தன் வேற இருக்கானா?"

கூடமே சிரித்தது. அப்பாவும் பெரியப்பாவும்கூடச் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. செல்வம் அண்ணன் மட்டும் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தா சிவப்புப் பென்சிலால் வாசலிலிருந்து ஒரு கோடு இழுத்தார். அது கட்டிலின் மேல் ஏறி, தொப்பியை இரண்டாக வெட்டி, கிணற்றின் நடுவில் போய் முடிந்தது.

கோடு போன வழியிலேயே சுவர் வந்தது. கொத்தனார் என் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் நூல் பிடித்தார். படி அவர்கள் பக்கம், மூட்டை அறை எங்கள் பக்கம், கிணற்றுக்கு ஆளுக்கொரு உருளை. நான் சோற்றுத் தட்டோடு நின்று அதைப் பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை; அன்றைக்கு ரசம் காரமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தேன். "நீ குடுக்காட்டி வேறொருத்தன் அளந்து குடுத்திருப்பான், போயி சோலியப் பாரு" என்றாள் அம்மா. சரி என்று தலையாட்டினேன்.

அண்ணன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து, அவனோடு படிக்கும் பையனின் தங்கை மூலமாகக் குமாரின் அடுத்த கதை என் கைக்கு வந்தது. சண்டையில் அடிபட்டுக் கிடக்கும் குமாரிடம், வீட்டுக்குப் போகவில்லையா என்று கிளீனர் கேட்கிறான். "எனக்கு ஏதுடா வீடு?" என்கிறான் குமார். கடைசிப் படத்தில், மெட்டுப் பனியில், ஜீப்பின் பின்சீட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறான், கால் வெளியே நீட்டியிருக்கிறது. "நல்லாருக்கு" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் நான் எதுவும் வரையவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. இரண்டு பாதிகளையும் ஒரே ஆள் வாங்கி, எல்லாவற்றையும் இடித்து, கிணற்றைத் தூர்த்து, குடோன் கட்டிவிட்டார். போன வருடம் அப்பா இறந்து பெட்டியைப் பிரித்தபோது பாகப் பத்திரத்துக்குள் மடித்து வைத்திருந்த காலண்டர் தாள் வெளியே விழுந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்த செல்வம் அண்ணனிடம் அதைக் கொடுத்தேன். கல்யாணங்களிலும் சாவுகளிலும் மட்டும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். ஏன் எடுத்துக் கொடுத்தாய் என்று என்றைக்காவது ஒருநாள் கேட்பான் என நாற்பது வருடத்துக்கு மேலாகப் பயந்துகொண்டிருந்தேன். கேட்டுவிட்டால் நல்லது என்றும் இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல், கூடம், படி என்று விரலால் தடவிக்கொண்டே வந்தான். விரல் நின்றது.

"இது யாரு கட்டிலு கலா?"

"குமாரு கட்டிலுண்ணே."

"எந்தக் குமாரு?"

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டான்.

"யாருமில்லண்ணே" என்று சொல்லி, தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தேன்.