இடது பக்கக் கைப்பிடி

என் வீட்டுக்காரருக்கு வலது தோள் போன பிறகு எங்கள் டிராக்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியதாயிற்று. மோட்டார் கொட்டகைக்கு ஓடு மாற்றப் போய் விழுந்தவர். கட்டுப் போட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. எங்களுடையது பழைய வண்டி. பின்னால் மாட்டியிருக்கும், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக் லீவர் சீட்டுக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். வயலின் கோடியில் திரும்பும்போதெல்லாம் அதைத் தூக்கியாக வேண்டும். அப்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பது வரப்பில் நிற்கிற எனக்குத் தெரியும்.

"ஒரு டிரைவர வச்சுக்குவோமே" என்றேன்.

"என் வண்டியில இன்னொருத்தன் ஒக்கார்றதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார்.

அந்த மனுஷனிடம் அதற்கு மேல் பேச முடியாது. எனக்கும் கோபம் வரும். ஆனால் என் கோபமெல்லாம் அடுப்படிப் பாத்திரங்களோடு முடிந்துவிடும்.

கறம்பக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் சீட்டுக்கு அடியில் குறுக்காக ஒரு கம்பியை ஓட்டி, ஒரு முனையைப் பழைய லீவரோடு சேர்த்தார். இடது முனையில் நீளமாக ஒரு புதுக் கைப்பிடி வைத்துப் பற்றவைத்தார். கை வழுக்காமல் இருக்க அதன் நுனியைக் கொக்கி போல வளைத்தும் கொடுத்தார். லீவரை வைத்த இடத்தில் நிறுத்துகிற நட்டு ஒன்று உண்டு. அது இறுக்கமாக இருந்ததால் இடது கைக்குக் கனத்தது.

"அதக் கொஞ்சம் லேசாக்கி விடுப்பா" என்றார் இவர்.

"ரொம்ப லேசாக்குனா தானா எறங்கும்ணே."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ லூஸ் பண்ணு."

ஸ்பேனர் திரும்பிய சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் கொட்டகையில் என் அலுமினியச் சட்டி தட்டையாகக் கிடந்தது. தூக்கி நிறுத்தியிருந்த ரோட்டவேட்டர் அதன்மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. பழைய வண்டி, ஆயில் கசிந்து இறங்கியிருக்கும் என்றார். இருக்கலாம். ஆனால் அந்தப் புதுக் கைப்பிடியின் கொக்கியில் அவருடைய சாப்பாட்டுப் பை தொங்கியதை நான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் தண்ணீர்க் கேனையும் பையையும் எதில் மாட்ட முடியுமோ அதில் மாட்டிவிடுவார்கள். கொக்கியே கிடைத்தால் கேட்க வேண்டுமா?

"இதுல எதையும் மாட்டாதீங்க. பாரத்துக்கு எறங்குது" என்றேன்.

"சரி சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

கடலை பிடுங்கி முடிந்த புன்செய்க் கொல்லையை உழுத அன்று வெயில் மங்கலாக இருந்தது, காற்றே இல்லை. பன்றிக்குப் பயந்து கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தோம். நான் அவற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே வந்தேன். அவருக்குப் பொறுமை ஏது? நான் வந்து சேர்வதற்குள் ஓரத்தில் வண்டியை விட்டார். என் பழைய பச்சைச் சேலை ஒன்றை ரோட்டவேட்டர் இழுத்துக்கொண்டது. கண் மூடித் திறப்பதற்குள் முழுச் சேலையும் கத்திகளில் சுற்றிக்கொண்டுவிட்டது.

ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்தார், என்ஜினை அணைத்தார், தண்ணீர் குடித்தார். கேனைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அரிவாளோடு பின்பக்கம் போய்ப் படுத்து உள்ளே நகர்ந்தார். நான் எதிர் வரப்பில் இருந்தேன்.

"அடியில முட்டுக்கட்டை வைக்கலையா?" என்று கத்தினேன்.

"வண்டிதான் ஆஃப்ல இருக்குல்ல, எங்கிட்டு எறங்கப் போவுது?"

என்ஜின் ஓடாவிட்டாலும் லீவர் கீழே போனால் அந்த இரும்பும் கீழே வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் இத்தனை காலமும் அந்த லீவர் வைத்த இடத்தில் நின்றிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் படுத்துவிட்டார்.

ஒற்றைக் கையால் சேலையைப் பிடித்து இழுத்தார். அவர் இழுக்க இழுக்க வண்டி குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் கேனின் பாரத்தில் அந்தக் கைப்பிடி கொஞ்சம் இறங்கியது. அதோடு கத்திகளும் இறங்கின. அவர் முகம் சேலைப் பக்கம் இருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

ஓடினேன். கத்தினால் அவர் தலையைத் தூக்கிவிடுவார் என்று கத்தவில்லை. உழுத மண்ணில் கால் புதைந்தது. போய்ச் சேர்ந்து இரண்டு கையாலும் கைப்பிடியை மேலே தள்ளிப் பிடித்தேன். கேன் என் மணிக்கட்டில் இடித்து ஆடியது. குனிந்து பார்த்தேன். ஒரு கத்தி அவர் சட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"கைய எடுத்துறாத" என்றார் உள்ளேயிருந்து. அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

நல்ல கையை ஊன்றி ஊன்றி வெளியே வந்தார். சட்டை கிழிந்தது, உடம்புக்கு ஒன்றுமில்லை. "வந்துட்டேன், விடு புள்ள" என்றார். என் விரல்கள் விடவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிறகு இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன், திட்டவும் செய்தேன்.

பட்டறையில் கொக்கியை அறுத்துவிட்டு நட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். கைப்பிடி இப்போது வைத்த இடத்தில் நிற்கிறது. அவருடைய ஒற்றை இடது கைக்கு அது அசைவதில்லை. டிரைவர் பேச்சை எடுத்தால் இன்னமும் அதே பதில்தான்.

அதனால் இப்போது நான் இடது சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டில் உட்கார்ந்து போகிறேன். "தூக்கு" என்றால் இரண்டு கையாலும் தூக்குகிறேன். "எறக்கு" என்றால் இறக்குகிறேன். இருக்கிற இரண்டு கையும் அதற்கே சரியாகிவிடுவதால் வேறெதையும் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. கத்திகள் என் முதுகுக்குப் பின்னால் சுற்றுகின்றன. வரப்பில் வண்டி ஏறி இறங்கும்போது உடம்பு பின்பக்கம் சாய்கிறது.

அவர் இப்போது முன்னைப் போல் உழவுச் சாலைப் பார்த்து ஓட்டுவதில்லை. வண்டியைத் திருப்பும்போதெல்லாம் என் பக்கம் திரும்புகிறார்.

"முந்தானைய நல்லாச் செருகியிருக்கியா?"

"செருகியிருக்கேன். நீங்க முன்னால பாத்து ஓட்டுங்க."