வேலி மெஷின்

காட்டுப் பன்றியை விரட்டுகிற பெட்டியை என் அக்காவின் மார்புக் கட்டிக்கு வைத்தியமாகக் கொடுத்தவன் நான். எழுதவே கை கூசுகிறது.

கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குச் சோலார் வேலி போட்டுக் கொடுப்பது என் தொழில். வேலிக் கம்பியில் கரண்டு ஓடிக்கொண்டே இருக்காது. பெட்டி 'டக், டக்' என்று விட்டு விட்டு அடிக்கும். பன்றி சாகாது, மிரண்டு ஓடிவிடும்.

எங்கள் நாய்க்கு உதட்டில் புற்றுக்கட்டி வந்தபோது மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கால்நடை டாக்டரம்மா நாயை மயக்கிப் படுக்க வைத்து, கட்டியில் ஊசி போட்டு, அதே இடத்தில் விட்டு விட்டுக் கரண்டு கொடுத்தார். கொஞ்ச நாளில் கட்டி வற்றிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை, தோட்டம், கல்யாண வீடு என்று ஓரிடம் பாக்கி வைக்காமல் அளந்தேன்.

"வேற ஒண்ணுமில்லப்பா, நம்ம வேலி மெஷினுதேன்!"

ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஊசி எனக்குத் தெரியாத சமாச்சாரம். அதைச் சொன்னால் என் பெருமை குறைந்துவிடுமே!

அந்தப் பேச்சுத்தான் உத்தமபாளையத்தில் இருந்த அக்காவை என் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அவளுக்கு மார்பில் கட்டி. தேனியில் டாக்டர், சதையில் துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றிருக்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் பயப்படுவார்கள். அக்காவுக்கும் அந்தப் பயம். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம் வேறு. என்னிடம் நேராகச் சொல்லவில்லை, என் மனைவியிடம்தான் சொன்னாள்.

"நாய்க்கு வச்ச கரண்ட எனக்கும் வைக்கச் சொல்லு, ஆத்தா."

'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பெட்டியின் வேகத்தைக் குறைத்துக் கொண்டுவந்தேன். தம்பி முன்னால் அக்கா எப்படி மார்பைக் காட்டுவாள்? சாத்திய கதவுக்கு உள்ளே மனைவி வயரைப் பிடித்துக்கொள்ள, வெளியே நான் ஸ்விட்ச் போட்டேன். ஒவ்வொரு 'டக்'குக்கும் அக்கா பல்லைக் கடிப்பது கேட்டது. வெள்ளிக்கு வெள்ளி இப்படி இரண்டு மாதம் போனது.

"கொறஞ்ச மாதிரி இருக்கு தம்பி," என்பாள். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது!

நாயை மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மாவிடமும் பெருமையடித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "புத்துநோயக் கொல்றது ஊசி மருந்துங்க. அந்த மருந்து உள்ள போக வழி திறந்து விடுறது மட்டுந்தான் கரண்டு. மனுசங்களுக்கும் இருக்கு, தோல் மேல வர்ற சில கட்டிகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில செய்றாங்க. வேலி கரண்டு எதுக்கும் ஆகாது. முதல்ல உங்க அக்காவக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாளே அக்காவைத் தேனிக்குக் கூட்டிப் போனேன். கட்டி வளர்ந்திருந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டார். "நாந்தேன் பயந்துக்கிட்டு வரலங்கய்யா," என்றாள் அக்கா. பக்கத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன். ஆபரேஷன், மருந்து, முடி கொட்டியது, எல்லாவற்றையும் அவள் தாங்கினாள். அந்தப் பழியையும் அவளே வைத்துக்கொண்டாள். நான் திருப்பி வாங்கவில்லை.

போன மாதம் ஒரு பெண் என் வாசலில் வந்து நின்றார். அக்கா தெருக்காரர். "மார்ல கட்டிங்க. ஒங்க அக்காதேன் அனுப்பிச்சாக. மெஷினு இருக்காமே?"

உள்ளே போய் அக்காவுக்குப் போன் போட்டேன். "அந்த மெஷினு ஒனக்கு ஒண்ணுமே செய்யலக்கா. இவுகள ஏன் அனுப்புன?"

"எனக்குத் தெரியாதாக்கும்? யாரு சொல்லியும் அவ ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கிறா. மெஷினு மெஷினுன்னு ஒன் பேச்சையே புடிச்சுக்கிட்டு இருக்கா. நீயே சொன்னாத்தேன் கேப்பா," என்றாள்.

வெளியே வந்து அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன். நாய்க்குப் போட்ட ஊசியிலிருந்து ஆரம்பித்தேன்.