லேப் அக்கா நிரப்பிய படிவம்

எங்கள் ஆஸ்பத்திரியின் கிருமிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவரை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த குட்டிக் காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, மறுநாள்வரை இளஞ்சூட்டில் விடுவார். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வட்டம் விழுகிறதோ, அந்த மருந்து வேலை செய்யும். அந்த வட்டத்தை அளவுகோல் வைத்து அளந்து எழுதுவார். ஒரு காலத்தில் இருபத்தைந்து மில்லிமீட்டர் இருந்தது இப்போது பதினொன்று. சில மருந்துகளுக்கு வட்டமே விழுவதில்லை.

"மருந்தைத் தாங்கினது பொழைக்குது, பெருகுது. என் கண்ணு முன்னாடியே மாறிட்டு வருது. நான் இல்லேன்னு சொன்னா அது கேக்குமா?" என்பார்.

இதே அக்காதான் பதினேழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தி வந்தார். நான் கடவுள் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்காதவன். அடுத்த அறையில் ரத்தம் சோதிப்பவன். லேபும் வேதபாடமும் உங்களுக்குள் சண்டை போடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"உன் வாய்தான் சண்டைக்கு அலையுது. ஆண்டவர் நிதானமா வேலை செய்யறார்னு சொன்னா அவருக்கு என்ன கொறைச்சல்?"

சண்டை அக்காவின் வீட்டில் இருந்தது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். சபையின் செயலாளரும் அவர்தான். சில கிருமிகளின் வாலடியில் சுழலும் நுண்ணிய மோட்டாரைப் பற்றி எங்கோ படித்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

"ஒரு பாகத்தைக் கழட்டினா என் லிஃப்ட் நிக்குது. அப்ப அரைகுறை மோட்டார் எப்படிக்கா ஓடியிருக்கும்? முழுசா யோசிச்சு ஒருத்தர் செஞ்சாத்தான் உண்டு."

"உன் லிஃப்ட் குட்டி போடுமாடா?"

"பேச்சை மாத்தாத."

"மாத்தல. அந்தப் பாகமெல்லாம் மொதல்ல வேற வேலைக்கு இருந்திருக்கலாம்ல?"

"இருக்கலாம், இருக்கலாம்! இருக்கலாம்னு நான் ஒரு ஸ்க்ரூகூட மாட்ட மாட்டேன்."

இப்படியே ஞாயிறு மதியச் சாப்பாடு முடியும். ஒருவர் தட்டில் மற்றவர் பரிமாறுவது மட்டும் நின்றதில்லை.

அப்புறம் சபைக்குப் புதிய போதகர் வந்தார். பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு படிவம் அச்சடித்தார். மூன்றே வரிகள். கடவுளே எல்லாவற்றையும் படைத்தார். உயிர்களின் நுண்ணிய பாகங்கள் படிப்படியாக உருவாகியிருக்கவே முடியாது. எந்த உயிரும் படைக்கப்பட்ட நாளிலிருந்து மாறியதில்லை. கையெழுத்து இல்லையென்றால் வகுப்பு இல்லை.

படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தது தம்பிதான். "மூணாவது வரி வேணாம்னு நானே சொன்னேன். கிருமி மாறுதுன்னு எனக்கும் தெரியும். கேக்கல. பேசாமப் போட்டுடுக்கா, நானும் போட்டுட்டேன். வகுப்பு போச்சுன்னா நீ தாங்க மாட்ட."

அது உண்மை. பிள்ளை இல்லாத அக்காவுக்கு அந்த வகுப்புதான் வாரத்தின் ஏழாவது நாள். மற்ற ஆறும் அதற்காக வந்து போகிறவை.

மறுநாள் டீ இடைவேளையில் என் கண்ணெதிரிலேயே பேனாவை எடுத்தார். கை பழகிய வழியில் போயிற்று. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், சோதனை அறிக்கையில் எழுதுவதுபோலவே எழுதினார். முதல் வரிக்கு: ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதற்கு: பரிசோதிக்கப்படவில்லை. மூன்றாவதற்கு: சரியல்ல, பதிவுகள் கைவசம் உள்ளன. கீழே கையெழுத்து, தேதி, நேரம் 10.40.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன சிரிப்பு? கையெழுத்துன்னா இப்படித்தானே போடுவோம்?" என்றார்.

போதகர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை கமிட்டி கூட்டினார். அதற்கு முந்தின நாள் தம்பி லேபுக்கே வந்துவிட்டார்.

"உன்னை யாருக்கா ரிசல்ட் கேட்டா?"

"நீ ரெண்டாவது வரிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கியே, அந்த மோட்டாரைப் பார்த்திருக்கியா?"

"படம் பார்த்திருக்கேன்."

"வா. அந்த வெள்ளைக் கோட்டு மாட்டிக்க. எதையும் தொடாத."

மைக்ராஸ்கோப்பில் குனிந்த தம்பி வெகுநேரம் நிமிரவில்லை. "யப்பா, என்னா ஓட்டம் ஓடுது! மோட்டார் எங்கக்கா?"

"இதுல தெரியாது. வால் தெரியவே தனியாச் சாயம் ஏத்தணும். மோட்டாருக்கு இதைவிடப் பெரிய கருவி வேணும். நானும் படத்துலதான் பார்த்திருக்கேன்."

"என்ன இருந்தாலும், செஞ்சவர் ஒருத்தர் இருக்கார்."

"நான் இல்லேன்னேனா? எப்படிச் செஞ்சார்னுதான் தெரியல."

"எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

"தாராளமா நினை. வேற மாதிரி இருக்கவே முடியாதுன்னு எழுதிப் பிள்ளைங்க தலையில கட்டாத."

மறுநாள் கமிட்டியில் தம்பி அக்காவின் படிவத்தை வாசித்தார். பிறகு தன் படிவத்தை எடுத்து, இரண்டாவது வரியின் பக்கத்தில், நம்புகிறேன், பரிசோதிக்கவில்லை என்று எழுதினார். மூன்றாவதை அடித்தார். "எங்கக்கா சொல்றது தப்புன்னு இன்னமும் சொல்வேன். ஆனா அவங்களை எடுத்தா என்னையும் எடுங்க" என்றார்.

பத்தே நிமிடத்தில் ஐந்து கைகள் உயர்ந்தன, இருவரையும் எடுத்துவிட்டார்கள். பதினேழு வருடம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று அக்காவை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கை தூக்கியவர்களில் ஒருவரின் மனைவிக்குப் போன வருடம் எந்த மருந்து கேட்கும் என்று அளந்து சொன்னது அக்காவின் அளவுகோல். கிருமி மாறவே மாறாது என்றால் அந்த அம்மாவுக்குப் பழைய மருந்தையே கொடுத்திருக்கலாமே! நான் கொதித்தேன். "அவங்க பயப்படறாங்கப்பா. நீ கத்தினா பயம் கூடத்தான் செய்யும்" என்று அக்கா என்னை அடக்கினார்.

அடுத்த ஞாயிறு அக்காவின் கால்கள் பழக்கத்தில் வகுப்பறை வாசல்வரை போய்விட்டன. உள்ளே வேறொருவர் வருகை எடுத்துக்கொண்டிருந்தார். படிவத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டவர். அக்கா திரும்பி வந்து கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். செயலாளர் நாற்காலி போன தம்பி பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிரசங்கத்தின் நடுவில் குனிந்து, "சரி, அரை மோட்டார் எதுக்குக்கா உதவும்?" என்று கிசுகிசுத்தார்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது சுவருக்கு அந்தப்பக்கமிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் பாட ஆரம்பித்தார்கள், அக்கா கற்றுக்கொடுத்த பாட்டு. அவர் பதிலை விட்டுவிட்டு, சுவரின் பக்கம் காதைத் திருப்பினார்.