ரோலர் அறையில் பழகிய தலையாட்டல்

தொண்ணூற்றிரண்டில் என்னை மலைவேலையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ரோலர் அறையில் கொழுந்தைச் சுருட்டும் ஐந்து மெஷின்கள். அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். கொழுந்தைப் போடு, மெஷினை நிறுத்து என்பதற்கெல்லாம் கைஜாடை இருந்தது. அதற்கு மேல் வாயால் சொல்வதெல்லாம் வேடிக்கைப் பேச்சு. கேட்காவிட்டாலும் சிரித்துத் தலையாட்டிவிட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை.

முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் மூத்த ரோலர்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னா மாப்ள, காது குத்துன புண்ணு இன்னும் ஆறலியா?"

"ஒரு தோடு வாங்கிக் குடுங்கண்ணே!" என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். கூச்சத்தில் பஞ்சை எடுத்து எறிந்தேன். பிறகு வைக்கவே இல்லை.

வேலை முடிந்து வெளியே வந்தால் காதுக்குள் சில்வண்டு கத்துவது போலிருக்கும். விடிந்தால் நின்றுவிடும். நின்றுவிடுகிறதே, ஒன்றுமில்லை என்று நினைத்தேன். சில வருடங்களில் அது விடிந்த பிறகும் நிற்கவில்லை. ஆனாலும் கங்காணியின் கனத்த குரல் கேட்டது, மேட்டில் லொறி ஏறுவது கேட்டது. அதனால் காதைச் சந்தேகிக்கவில்லை. மனைவியும் மகளும் பேசுவதுதான் விளங்கவில்லை.

"வாய்க்குள்ளயே பேசாதீங்க" என்று எரிந்து விழுவேன்.

"நாங்க நல்லாத்தான் பேசுறோம். ஒங்க நெனப்புதான் எங்கயோ மேயுது" என்பாள் மனைவி.

மகளின் குரல் மிகவும் மெல்லியது. இரண்டாம் முறையும் விளங்காவிட்டால் மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருக்கும். தலையாட்டிவிடுவேன்.

அவள் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் பாஸானாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து மேலே படிக்கப் பலாங்கொடைக்குப் போகக்கூடிய முதல் பிள்ளை. அதே சமயம் பக்கத்து லயத்துப் பெண்கள் இருவர் கொழும்புப் பக்கம் கார்மென்ட் ஆலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் மலையூற்றுப் பீலித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பின்னால் நின்று ஏதோ சொன்னாள். குரல் வந்தது, சொல் வரவில்லை. திரும்பினேன். மறுபடி சொன்னாள். கண்ணில் சோப்பு எரிந்தது. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவள் உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே என்று மனைவியிடம் கேட்டேன்.

"கார்மென்டுக்குப் போகச் சரின்னீங்களாமே, இப்ப என்னா புதுசா கேக்குறீங்க?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விளங்காமலே தலையாட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை பையைச் சுமந்துகொண்டு போனேன்.

ஒரு வருடம் கழித்து, காதுச் சில்வண்டு தாங்க முடியாமல் போனபோது, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். நான் நர்ஸின் விரல் பொத்தானை அழுத்துவதைப் பார்த்துப் பார்த்துக் கையை உயர்த்தினேன். அவர் சிரித்துக்கொண்டே என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அதன் பிறகு கை பெரும்பாலும் மடியிலேயே கிடந்தது.

டாக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். உட்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றனவாம். பேரிரைச்சலில் அவை சாய்ந்து, ஓய்வு கிடைத்தால் நிமிரும். நாள்தோறும் அடிபட்டால் ஒரு நாள் நிமிராமலே போய்விடும், திரும்ப முளைக்காது. கீச்சான ஓசையை வாங்கும் இழைகள் நுழைவாயிலிலேயே இருப்பதால் அவைதான் முதலில் சாகின்றன. கனத்த சத்தம் தப்பிவிடும். பேச்சிலும் அப்படித்தான்: ச, ஸ, த போன்ற மெல்லிய ஓசைகள் உதிர்ந்துவிட, மிச்சம் முணுமுணுப்பாகக் கேட்கும். "உன் வீட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை" என்றார்.

தீபாவளிக்கு மகள் வந்தபோது, அவளை எதிரில் உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தை நிமிர்த்தி, நான் உதட்டைப் பார்க்கும்படி மெதுவாகப் பேசினாள்.

"நான் கார்மென்டுக்குப் போனா ஒங்களுக்குப் பரவாயில்லையான்னு கேட்டேன்ப்பா. வேணாம், படின்னு சொல்வீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

"எனக்குக் கேக்கலம்மா."

"அன்னிக்கிக் கேக்கல, சரி. பஸ் ஏத்த வந்தப்ப தெரியுமில்ல?"

அவள் குரலில் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குக் காதின் மேல் பழி போட முடியவில்லை. அன்று அவள் சொன்னது காதில் விழுந்திருந்தால் போகாதே என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவளிடம் அதை இப்போது சொன்னால் நம்புவாளா என்றுதான் தெரியவில்லை.